மூலை மடித்த படுக்கை

எதிர்வீட்டுக்காரியின் படுக்கையறையை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ரோசலின்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். அக்டோபர் மாதம், பிற்பகல் இரண்டு மணி. காலை ஓட்டத்தை முடித்து, பஸ்ஸைக் கீழே நிறுத்திவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டு, மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்தேன். கதவை உடைத்துவிடுவதுபோலத் தட்டினாள்.

"லோகாண்ணே, கொஞ்சம் வாங்க. வந்து பாத்துட்டு எனக்குப் பைத்தியமான்னு சொல்லுங்க."

என் பெயர் லோகேஸ்வரன். இருபத்தாறு வருஷமாக ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறேன். பாயான் லெப்பாஸில் எந்தத் தொழிற்சாலையின் எந்தக் கதவில் எத்தனை மணிக்கு ஆள் இறங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். குடியிருப்பது ஆயர் ஈத்தாம் பக்கத்துப் பழைய அடுக்குமாடியில், பதினோராவது மாடி. என் கதவைத் திறந்தால் நேரே ரோசலின் கதவு. அவள் புருஷன் பெர்னார்ட் என்னோடு பஸ் ஓட்டியவன். சர்க்கரை முற்றி, சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று அலைந்து, ஆறு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் நட்டாலி. அப்பன் படுத்திருந்த அதே டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருந்தவள். ஆகஸ்ட் மாதம் லண்டனுக்கு வேலைக்குப் போனாள். அவளை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டவன் நான்தான்.

ரோசலின் தன் அறையில் கட்டிலைக் காட்டினாள். விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்து விரித்திருந்தது. நான்கு மூலையும் மெத்தைக்கு அடியில் சரிவாக மடித்து, கடித உறை மாதிரி படிய அழுத்திச் செருகியிருந்தது. அந்த மடிப்பை எனக்குத் தெரியும். பெர்னார்டைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன நாளெல்லாம் கட்டிலோரம் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தானே போட்டிருக்க," என்றேன்.

"நான் எங்கண்ணே போட்டேன்? அஞ்சரைக்கு எழுந்திருச்சு போர்வைய உதறக்கூட நேரமில்லாம ஸ்கூல் கன்தீனுக்கு ஓடுறவ. சுருட்டிப் போட்டது அப்படியே கெடக்கும். ஒண்ணரைக்கு வந்தா இப்படி. இது மூணாவது தடவ."

"தூக்கக் கலக்கத்துல நீயே..."

"அப்ப இது?"

மேசை மேல் அவளுடைய மாத்திரைப் பெட்டி இருந்தது. ஏழு கிழமைக்கு ஏழு அறை. பிரஷர் மாத்திரை எல்லாம் ஒழுங்காகப் பிரித்துப் போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை அறையின் மூடி மட்டும் திறந்திருந்தது, மாத்திரை உள்ளேயே கிடந்தது.

"செவ்வாக்கிழமை முழுங்க மறந்துட்டேன். நான் மறந்தது யாருக்குண்ணே தெரியும்? கிரில் பூட்டு பூட்டினபடி இருக்கு. இன்னொரு சாவி நட்டாலிகிட்ட. அவ அதையும் தூக்கிக்கிட்டு லண்டன் போயிட்டா."

அதற்குள் மூன்றாவது வீட்டு சல்மா வந்து நின்றாள். சாயங்காலம் கீழே பசம்பூர் என்கிற காய்க்கலவை விற்கக் கடை போடுகிறவள், காய் நறுக்கிய கையோடு வந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"பேயின்னா வந்து பயமுறுத்தும். வீட்டப் பெருக்கி, படுக்கை போட்டு, மாத்திரை எடுத்து வைக்கிற பேய் எங்கக்கா கெடைக்குது? எனக்கும் ஒண்ணு சொல்லி விடு லா. உருளைக்கிழங்கு தோல் உரிக்க ஆளில்ல."

ரோசலின் சிரிக்கவில்லை. விரிப்பின் மூலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

"நட்டாலி உயிரோட இல்ல சல்மா. எனக்குத் தோணிக்கிட்டே இருக்கு."

"அடிப்பாவி! தெனம் ஃபோன்ல பேசுறா பிள்ள!"

"பேசுறா," என்றாள் ரோசலின். "நீயும் ஒரு நாள் கூட இருந்து பாரு."

நட்டாலி போன கதையைச் சொல்லிவிடுகிறேன். ஷேன் என்று ஓர் ஏஜென்ட், கழுத்தில் டை கட்டிய பையன், ஒரு கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். நட்டாலி ஆங்கிலப் பரீட்சையெல்லாம் உண்மையாகவே எழுதித் தேறியிருந்தாள். அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டதாக அங்கிருந்து ஓர் ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினான். வேலை விசா வர மாசக்கணக்காகும், அதுவரை இடம் காத்திருக்காது என்றான். "மலேசியா பாஸ்போர்ட்டுக்கு அங்க போய்வர விசாவே வேணாம். ஃபோன்ல ஒரு அனுமதி எடுத்தா போதும். சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லி உள்ள போயிடு. போனதும் ஆஸ்பத்திரிக்காரங்களே அத வேலை விசாவா மாத்திக் குடுத்துடுவாங்க. ஒண்ணே ஒண்ணு, பையில யூனிஃபார்ம், சர்ட்டிபிகேட், வேலைய பத்தின ஒரு துண்டுக் காகிதம் இருக்கக் கூடாது," என்றான். அப்படி மாற்றவே முடியாது, சுற்றிப் பார்க்கப் போனவர் திரும்பி வந்துதான் வேலை விசா கேட்க வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. படித்த பிள்ளை எப்படி ஏமாந்தாள் என்று இன்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். நானும் அன்று பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

நட்டாலி சொன்னபடி பையைக் கட்டினாள். யூனிஃபார்ம், வெள்ளைச் சப்பாத்து, சட்டையில் குத்திக்கொள்ளும் கடிகாரம், எல்லாம் அலமாரிக்குப் போயின. ஆனால் அதற்கு முந்தின ஞாயிறு ரோசலின் சர்ச்சில் அவளுக்காக ஒரு பூசை வைத்திருந்தாள். வாராவாரம் கொடுக்கும் இங்கிலீஷ் புல்லட்டின் தாளில் அதை அச்சடித்திருந்தார்கள், மாதா படத்துக்குக் கீழேயே: லண்டனில் நர்ஸ் வேலைக்குச் செல்லும் மகள் நட்டாலி பெர்னார்டுக்காக, தாய் ரோசலின். ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது ரோசலின் அந்தத் தாளில் செபமாலையைச் சுற்றி, மகள் பையில் துணிகளுக்கு நடுவே செருகியதை நான் பார்த்தேன். என்னிடம் பிரித்துக் காட்டவும் செய்தாள்.

"பேரெல்லாம் அழகா போட்டிருக்காங்க," என்று சொன்ன மடையன் நான். ஒரு துண்டுக் காகிதம் கூடாது என்று அந்தப் பையன் சொன்னதை என் காதாலேயே கேட்டிருந்தேன். சாமி சமாச்சாரம் அந்தக் கணக்கில் சேரும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

படுக்கையைப் பார்த்த அன்றே மூன்றரைக்கு ஃபோன் வந்தது. நாங்கள் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அங்கே காலை எட்டரை மணி என்று கணக்கு. நட்டாலியின் முகம் பாதி வெளிச்சத்தில் தெரிந்தது. கன்னம் ஒடுங்கியிருந்தது. பின்னால் பழுப்பு நிறத் திரைச்சீலை.

"சாப்டீங்களா மம்மி? மாத்திரை போட்டீங்களா?" குரல் தணிந்து வந்தது. "சத்தமா பேச முடியாது. ரூம்ல எல்லாரும் தூங்குறாங்க."

"அந்தத் திரைய கொஞ்சம் வெலக்கேண்டி. லண்டன் எப்படி இருக்குன்னு லோகா அங்கிள் பாக்கணுமாம்."

"வேணாம் மம்மி. வெளிச்சம் வந்தா முழிச்சுக்குவாங்க."

"இந்த ரெண்டு மாசமா யாராவது தூங்கிக்கிட்டேதான் இருக்காங்க உன் ரூம்ல," என்றாள் ரோசலின். சல்மா ஏதோ கேலி பேச வாயைத் திறந்தாள். அப்போதுதான் அது நடந்தது.

மதியத்திலிருந்து மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. சட்டென்று எங்கள் ஜன்னல் வெளுத்தது. அதே நொடியில் ஃபோனுக்குள் அந்தத் திரைச்சீலையும் வெளுத்தது. பின் எங்கள் தலைக்கு மேல் இடி இடித்து, கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின. மூச்சை இழுத்து விடுகிற நேரம் கழித்து, ஃபோனுக்குள் அதே இடி தூரத்தில் உருண்டது. நட்டாலியின் கண் மேலே போய் வந்தது.

"அங்கயும் மழையாடி?"

"இல்ல மம்மி... லாரி. லாரி போகுது. டூட்டிக்கு டைம் ஆச்சு."

ஃபோன் திரை அணைந்தது. சல்மா வாயைத் திறந்தபடியே எழுந்து, உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டே போய்விட்டாள். ரோசலின் மட்டும் அமைதியாக இருந்தாள்.

"செத்தவங்க தூரமா போக மாட்டாங்கண்ணே," என்றாள். "வீட்டச் சுத்தித்தான் இருப்பாங்க. அதான் இங்க இடிக்கிறது அவளுக்கும் கேக்குது. காலையில நான் இல்லாத நேரம் வந்து படுத்துட்டுப் போறா. தலகாணியில அவ வாசம் இருக்கு. என்ன பாக்கத்தான் அவளுக்கு என்னவோ தடுக்குது."

நான் என் வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஐம்பத்தெட்டு வயசு. பட்டப்பகல். எதிரே ஆறடி தூரத்தில் மனிதர்கள். ஆறிப்போன மீயை விளக்கைப் போட்டுக்கொண்டு தின்றேன்.

மறுவாரம் ஸுல்கிஃப்லி என்ற டிரைவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவனுடைய புக்கிட் தெங்கா ஓட்டத்தை என் தலையில் கட்டினார்கள். எங்கள் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்குப் போக வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு வெளியே வருகிறவர்களை ஏற்றி, பட்டர்வொர்த் ஃபெரித்துறையில் இறக்க வேண்டும். முதல் நாள் விடிந்தும் விடியாமல் தூறல். நீலச் சட்டை, முகமூடி, தலையில் வலை என்று எல்லாரும் ஒரே மாதிரி வந்தார்கள். நேப்பாளத்துப் பெண்கள், பர்மாப் பெண்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்கள், படியேறும்போதே தடுமாறும். கடைசியாக ஏறியவள் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றாள். பிறகு தலையைக் குனிந்தபடி கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

கண்ணாடியில் பார்த்தேன். முகமூடிக்கு மேலே பெர்னார்டின் கண்.

முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கண்ணாடியைப் பார்ப்பேன். அவளும் கண்ணாடி வழியே என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஃபெரித்துறையில் எல்லாரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. என்ஜினை நிறுத்தினேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"நட்டாலி?" என்றேன், கண்ணாடியைப் பார்த்தே.

"அங்கிள், ப்ளீஸ். மம்மிகிட்ட சொல்லிடாதீங்க."

எழுந்து போய் அவள் தோளைத் தொட்டேன். சட்டை மழையில் நனைந்திருந்தது. உள்ளே எலும்பும் சூடும் இருந்தன. அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது. வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். முகமூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"நீ லண்டனுக்கே போகலையா?"

"போனேன் அங்கிள். ஏர்போர்ட்ட தாண்டல. ஒரு லேடி ஆபீசர். நல்லாத்தான் பேசுனாங்க. எத்தன நாளு இருப்பன்னு கேட்டாங்க, ரெண்டு வாரம் சுத்திப் பாக்கப் போறேன்னேன். சரின்னாங்க. அப்புறம் பையத் தொறந்தாங்க."

அவள் நிறுத்தினாள்.

"செபமாலை," என்றேன்.

"அந்தத் தாள பிரிச்சு ரெண்டு தடவ படிச்சாங்க. பேனாவால கோடு போட்டாங்க. இது நீதானேன்னு கேட்டாங்க. என்ன சொல்றது? மாதா படத்துக்குக் கீழ எழுதியிருக்கு, அது பொய்யின்னு எப்படிச் சொல்வேன்? ஒரு ரூம்ல உக்கார வெச்சு, கம்பளியும் ரொட்டியும் குடுத்து, மறுநாள் ஃப்ளைட்ல ஏத்திட்டாங்க. இனி எந்த நாட்டு விசா ஃபார்ம்லயும், உன்னத் திருப்பி அனுப்பியிருக்காங்களான்னு ஒரு கேள்வி வரும். ஆமான்னு எழுதணும்."

"சரி, வந்தவ நேரா வீட்டுக்கு வர வேண்டியதுதானே? உன் ஆஸ்பத்திரியில கேட்டா மறுபடியும்..."

"என் எடத்துல வேற ஆளப் போட்டாச்சு. அங்க போய் நின்னா சர்ச்சுக்குத் தெரிஞ்சுடும். உன்ன ஏன் திருப்பி அனுப்புனாங்கன்னு மம்மி கேப்பாங்க."

"ஏதாவது ஒரு பொய்யச் சொல்லு."

"நேர்ல கேட்டா என் மூஞ்சி சொல்லிடும் அங்கிள். ஃபோன்ல இருட்டுல உக்காந்துக்கலாம்."

"ஏமாத்துனவன் அந்த ஷேன் பையன் லா! உங்கம்மா என்ன பண்ணுவா?"

"எனக்குத் தெரியும். மம்மி அப்படி நெனைக்க மாட்டாங்க. டாடி செத்தப்ப என்ன பண்ணாங்க, ஞாபகம் இருக்கா? நான் போட்ட சோத்துலதான் அவருக்குச் சக்கர ஏறுச்சுன்னு சொல்லி ஒரு வருசம் சோத்தத் தொடல. மயங்கி விழுந்தாங்க, நான்தான் டிரிப் ஏத்துனேன். இது தெரிஞ்சா என்ன பண்ணுவாங்க?"

அந்த ஒரு வருஷம் எனக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது.

"காலையில வர்றது நீதானா?"

"ஷிப்ட் முடிஞ்சு ஃபெரி ஏறி வருவேன். மம்மி கட்டில்ல ஒரு மணி நேரம் படுப்பேன். இங்க ஃபேக்டரிகிட்ட எடுத்த வாடகை ரூம்ல தூக்கமே வர்றதில்ல. எழுந்திருச்சு படுக்கையப் போட்டுட்டுப் போயிடுவேன். கை தானா மடிச்சுடுது அங்கிள், நான் கவனிக்கிறதில்ல."

அவளோடு அதே ஷேன் அனுப்பியவர்களைப் பற்றிக் கேட்டேன். இரண்டு பேர். அவர்கள் பையில் ஒன்றும் இல்லை, உள்ளே விட்டுவிட்டார்கள். ஒருத்தி பைராம் தோட்டத்து அய்யாக்கண்ணுவின் மகள் ஷர்மினி. இது ஆஸ்பத்திரி இல்லை, ஏதோ ஒரு வீடு, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று முதல் வாரம் செய்தி அனுப்பினாளாம். நட்டாலி தன் ஃபோனைக் காட்டினாள். அதற்குப் பிறகு இவள் அனுப்பியவை வரிசையாக இருந்தன. எங்கே இருக்க, பதில் போடு, எங்கே இருக்க. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒற்றை டிக். செப்டம்பரிலிருந்து ஒற்றை டிக்.

"அப்ப உங்கம்மா வெச்ச தாளு உன்னக் காப்பாத்தியிருக்கு," என்றேன்.

"நானும் அப்படித்தான் நெனைச்சுக்கறேன். மம்மியால அப்படி நெனைக்க முடியாது."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். முட்டாள்தனம்தான். அந்த வாரம் முழுக்க எதிர்க்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் பாத்ரூமுக்குள் போய் நின்றுகொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ரோசலின் ஒரு தாளோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குக் கல்லறைத் திருநாள். இறந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி சர்ச் ஆபீஸில் கொடுப்பார்கள். அந்த மாதம் முழுக்க அந்தப் பெயர்களுக்காகப் பூசை நடக்கும்.

"ஸ்பெல்லிங் சரியான்னு பாருங்கண்ணே."

அவள் அப்பா பெயர். அம்மா பெயர். பெர்னார்ட். அதற்குக் கீழே நிதானமான பெரிய எழுத்தில் நட்டாலி பெர்னார்ட்.

"ஏய், என்ன காரியம் இது! அந்தப் பேர அடிச்சிடு முதல்ல!"

"அலையிறாண்ணே. பேரச் சொல்லிப் பூசை வெச்சாத்தான் அமைதியாவா. உசுரோட இருக்கறவ பேர எழுதினா பாவம்னு தெரியும். ரெண்டு வாரமா பேனாவ எடுத்து எடுத்து வெச்சேன். நேத்து ஃபோன்ல, உன் சாவிய காட்டுடின்னேன். காட்டினா. அதுல கோத்திருந்த மாதா பதக்கத்தக் காணோம். அத திங்கக்கிழமை என் கட்டிலுக்கு அடியில பெருக்குறப்ப எடுத்தேன். இங்க இருக்கு பாருங்க." உள்ளங்கையை விரித்தாள். "லண்டன்ல இருக்க வேண்டியது."

"நாளைக்குச் சாயங்காலம் குடு. அதுவரைக்கும் பொறு. எனக்காக."

அவள் எனக்குத் தேநீர் போட என் சமையலறைக்குள் போனபோது தாளை என் ஃபோனில் படம் எடுத்தேன்.

மறுநாள் ஃபெரித்துறையில் மற்றவர்கள் இறங்கியதும் அந்தப் படத்தை நட்டாலியிடம் நீட்டினேன். விரலால் பெரிதாக்கித் தன் பெயரை மட்டும் பார்த்தாள்.

"டாடிக்குக் கீழ போட்டிருக்காங்க," என்றாள்.

அவளை இறங்கவிடவில்லை. காலி பஸ்ஸைத் திருப்பிப் பாலத்தில் ஏற்றினேன். கம்பெனிக்காரன் கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை. ரோசலின் அன்று வேலைக்குப் போகவில்லை. அது எங்களுக்குத் தெரியாது.

நட்டாலி தன் சாவியால் கிரில்லைத் திறந்தாள். நான் பின்னாலேயே நின்றேன். படுக்கையறையில் கட்டிலோரம் ரோசலின் உட்கார்ந்திருந்தாள். கையில் செபமாலை. விரிப்பு சுருட்டி நடுவில் கிடந்தது. மகளைப் பார்த்து அவள் எழவும் இல்லை, கத்தவும் இல்லை. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

"உள்ள வா," என்றாள். "பயப்படாத. மம்மி ஒண்ணும் பண்ண மாட்டேன். உனக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லு."

நட்டாலி இரண்டு அடி உள்ளே வந்தாள். உதடு கோணியது.

"மம்மி... எனக்குப் பசிக்குது."

ரோசலின் விரிப்பை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள். "படுக்கையப் போடு. பாக்கணும்."

அந்தப் பெண் ஃபேக்டரிச் சட்டையோடு, தலைவலையோடு, அழுதபடியே விரிப்பை உதறினாள். ஒரு மூலை. இழுத்து, தூக்கி, சரிவாக மடித்து, செருகினாள். இரண்டாவது. மூன்றாவது. ரோசலின் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது மூலைக்குக் குனிந்தபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி பிடிப்பதுபோல அழுத்தினாள்.

"சூடா இருக்கு," என்றாள் என்னைப் பார்த்து. "அண்ணே, கை சூடா இருக்கு."

பிறகு மகளை முதுகில் அடித்தாள். பலமாகவே அடித்தாள். அடித்த கையாலேயே இழுத்து அணைத்து, இருவரும் அந்த நான்காவது மூலையைக் கலைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார்கள். நானும் அழுதேன். வெட்கப்பட என்ன இருக்கிறது?

நட்டாலி எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றைத் தவிர. கேள்வி கேட்டார்கள், உளறிவிட்டேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றாள். ரோசலின் இடியப்பத்தை அவள் வாயில் ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"செபமாலைய சுத்தியிருந்த தாளு எங்கடி?"

"அந்த ஏர்போர்ட்ல ஒரு சின்ன செபக்கூடம் இருந்துச்சு மம்மி. அங்க வெச்சுட்டேன்."

நட்டாலி என்னைப் பார்த்தாள். நான் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தேன். ரோசலின் அடுத்த வாயை ஊட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை நானும் நட்டாலியும் போய், புக்கிட் தெங்கா அறையைக் காலி செய்து பெட்டியைக் கொண்டுவந்தோம். பெயர்ப் பட்டியல் தாளைக் கிழித்து, மூன்று பெயரோடு வேறு தாள் எழுதிக் கொடுத்தாள் ரோசலின். ஷேன் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. போலீஸில் ரிப்போர்ட் செய்தோம். நட்டாலி பைராம் தோட்டத்துக்குப் போய் அய்யாக்கண்ணுவைப் பார்த்து, ஷர்மினி அனுப்பியதையெல்லாம் அவர் ஃபோனுக்கு மாற்றிக் கொடுத்து, அவரையும் ரிப்போர்ட் செய்ய வைத்தாள். இன்னும் ஒற்றை டிக்தான். ஒரு டயாலிசிஸ் மையத்தில் நட்டாலியை அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

பத்து நாள் போயிருக்கும். ரோசலின் ஒரு சின்னத் தாளோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"நன்றிப் பூசைக்குப் போடணும்ணே. உங்க எழுத்து நல்லா இருக்கும். இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க."

"சொல்லு. மகள் நட்டாலி லண்டன்ல இருந்து நல்லபடியா..."

"அதெல்லாம் வேணாம். நன்றி. தாய் ரோசலின். அவ்வளவுதான்."

"அவ பேரு?"

"வேணாம்."

"எதுக்கு நன்றின்னாவது..."

"ஆண்டவருக்குத் தெரியும்ணே. மத்தவங்க படிக்க அதுல ஒண்ணும் இருக்க வேணாம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கைப்பையைத் திறந்து, மடித்த புல்லட்டின் தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள். செபமாலை சுற்றிய சுருக்கம் அப்படியே இருந்தது. மாதா படத்துக்குக் கீழே நட்டாலியின் பெயரைச் சுற்றி நீலப் பேனாவில் வட்டம். நர்ஸ் வேலை என்ற சொற்களுக்கு அடியில் இரண்டு கோடு, அழுத்திப் போட்டது.

"பெட்டிய தொடைக்கிறப்ப உள்பையில இருந்துச்சு. உங்களுக்கு முன்னாலயே தெரியும்தானே?"

"ரோசலின், அந்தத் தாளாலதான் அவ அங்க மாட்டாம..."

"தெரியும்ணே. அதையும் நெனைச்சுப் பாத்தேன்." தாளைப் பழையபடி மடித்தாள். "அவகிட்ட சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மறுபடியும் எங்கயாவது போயிடுவா."

இந்தப் பக்கம் ஒரு வாக்கு, அந்தப் பக்கம் ஒரு வாக்கு. நடுவில் நான். அவள் சொன்னபடியே இரண்டு சொல்லையும் அவள் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். எதிர்வீட்டிலிருந்து குழம்பு வாசம் வந்தது. நட்டாலி கதவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மம்மி, மீன் கறி ஆயிடுச்சு. சோறு போடவா? ஒரு வாரமா ரொட்டியவே தின்னுக்கிட்டு இருக்கீங்க."

"சோறு வேணாண்டி. வயிறு கொஞ்சம் சரியில்ல. ரொட்டி இருந்தா வை."

கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரோசலின் எழுந்து போனாள்.